கழுத்துக் கருமை அழுக்கல்ல: உடல் பருமனான பதின்ம வயதுப் பிள்ளைகளின் இதயம் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையைப் பின்பக்கம் திரும்பச் சொல்லிக் கழுத்தைப் பாருங்கள். சட்டைக் காலருக்கு மேலே, கழுத்து மடிப்பில், தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் துணி போல இருக்கிறதா? நம் வீடுகளில் இதற்கு முதல் வைத்தியம் கடலை மாவும் எலுமிச்சம்பழமும்தான். "ஒழுங்கா தேச்சுக் குளிக்கிறதில்ல" என்ற திட்டும் கூடவே விழும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கருமை போகாது. ஏனென்றால் அது அழுக்கு அல்ல.

மருத்துவத்தில் இதற்கு அக்கந்தோசிஸ் நிக்ரிக்கன்ஸ் என்று பெயர். கழுத்தில் மட்டுமல்லாமல் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வரலாம். உடல் எடை கூடிய பிள்ளைக்கு இது வந்தால், பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் இனிப்பும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அதைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் சேர்க்கும் வேலை இன்சுலினுடையது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடும்போது உடல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் விடாமல் மேலும் மேலும் சுரக்கிறது. அளவுக்கு மிஞ்சிய இன்சுலின் தோல் செல்களையும் தூண்டுவதால் தோல் தடித்துக் கறுக்கிறது.

இந்த நிலையில் இரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கலாம். கணையம் இரட்டிப்பு வேலை செய்து சமாளித்துக்கொண்டிருக்கும். அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான் கேள்வி.

நாட்டுக் கணக்கும் நம்மவர் கணக்கும்

சுகாதார அமைச்சு நடத்தும் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2022-இல் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 30.5 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது என்ன நடக்கிறது என்பதை 2019 ஆய்வு காட்டியது. நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். மிகை எடையும் உடற்பருமனும் சேர்த்து இந்தியர்களிடையே 63.9 விழுக்காடு. இரண்டிலும் மற்ற இனத்தவரைவிட நாமே முன்னால் நின்றோம்.

2023 ஆய்வு இளையோரைப் பற்றி ஒரு செய்தியைச் சொன்னது. நீரிழிவு உள்ள 18 முதல் 29 வயதினரில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. பள்ளிப் பருவத்தில் தொடங்கிய கோளாறு, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

இளம் வயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவு முதுமையில் வருவதைவிட வேகமானது. அமெரிக்காவில் பதின்ம வயதில் இந்நோய் வந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்த 'டுடே' ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. சராசரியாக 26 வயதை எட்டியபோது, அவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் குறைந்தது ஒரு பாதிப்பாவது ஏற்பட்டிருந்தது.

ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பு

நம் உடலமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டனர். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. ஒரே உயரத்துக்கு ஒரே எடை இருந்தும், இந்தியருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு.

புனே கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வில், இந்தியக் குழந்தைகள் ஆங்கிலேயக் குழந்தைகளைவிடச் சிறியவையாகப் பிறந்தாலும் உடற்கொழுப்பை விட்டுக்கொடுக்காமல் பிறப்பதாகத் தெரிந்தது. குறைந்தது தசையும் உறுப்புகளும்தான். ஆகவே நம் பிள்ளை 'கொஞ்சம் பூசினாற்போல' இருந்தாலே உள்ளே கொழுப்பு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் நீரிழிவு இருந்திருந்தால் பிள்ளைக்கு அபாயம் மேலும் கூடும். பருவமடையும் வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் வேலைத்திறன் இயற்கையாகச் சற்றுக் குறையும். எடையும் கூடியிருந்தால் சுமை இரட்டிப்பாகிறது.

மாரடைப்பு வருவதற்கு முன்பே

மாரடைப்பு நாற்பது, ஐம்பதில் வரும் நோய் என்றே நினைக்கிறோம். இரத்தக் குழாயில் அதன் தொடக்கம் மிக முந்தியது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953-இல் அறிக்கை வெளியிட்டனர். சராசரி வயது 22. அவர்களில் 77 விழுக்காட்டினரின் இதயக் குழாய்களில் அப்போதே கொழுப்புப் படிவின் அடையாளம் இருந்தது. பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்த பொகலூசா ஆய்வு, விபத்து முதலிய காரணங்களால் இறந்த பிள்ளைகளிடமும் இளையோரிடமும் இத்தகைய படிவுகளைக் கண்டது. எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் என்று எத்தனை குறைகள் சேர்கின்றனவோ அந்த அளவுக்குப் படிவும் கூடியிருந்தது.

இஸ்ரேலில் இருபத்து மூன்று இலட்சம் பதின்ம வயதினரின் எடையைப் பதிவு செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. பதின்ம வயதில் எடைக் குறியீடு கூடியவர்கள் பிற்காலத்தில் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் அபாயம் அதிகம் என்று அது கண்டது.

எடை கூடிய பிள்ளையின் உடலில் பல கோளாறுகள் கூட்டாக வரும். வயிற்றுக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு எனும் கொழுப்பு கூடுதல், நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைதல், சர்க்கரை கூடுதல் ஆகியவை சேர்ந்து வருவதை வளர்சிதைமாற்றக் கூட்டுநோய் என்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பு படிவது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்றிப் போகும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவையும் இதே வேரிலிருந்து கிளைப்பவை.

கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்

பினாங்கில் இந்தக் கதைக்கு ஒரு பின்னணி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறைக்குத் தமிழர்கள் பெருமளவில் கொண்டுவரப்பட்டது சீனிக்காகத்தான். பத்து காவான், கலிடோனியா போன்ற இடங்கள் அன்று கரும்புத் தோட்டங்கள். பிறகு அங்கே ரப்பர் வந்தது, அதன்பின் செம்பனை. இன்று பத்து காவானில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

விடியற்காலையில் எழுந்து, மதியம்வரை வெட்டவும் சீவவும் சுமக்கவும் செய்த உடலுக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. சீனி போட்ட தேத்தண்ணியும் அந்த உழைப்பில் கரைந்தது. உழைப்பு போய்விட்டது, சாப்பாட்டின் அளவு அப்படியே நின்றுவிட்டது. பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் அப்பாவும் அம்மாவும் ஷிப்டு வேலை செய்கிறார்கள். பிள்ளை பள்ளி முடிந்து டியூஷன் போய் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. இரவுச் சாப்பாடு பொட்டலத்தில் வருகிறது. மலிவாகவும் வயிறு நிறையவும் கிடைப்பது மீ கோரெங், ரொட்டி சானாய், நாசி கண்டார். இதைத் தாயின் குற்றம் என்றோ பிள்ளையின் சோம்பல் என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

முதல் அளவு, கயிறு. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, அதைச் சரிபாதியாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், அந்த மடித்த கயிற்றை வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். இரு முனைகளும் தொடவில்லை என்றால் வயிற்றுக் கொழுப்பு கூடிவிட்டது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதே விதி.

இரண்டாவது அளவு, உடல் எடைக் குறியீடு. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள 15 வயதுப் பையனுக்கு 75-ஐ 1.65-ஆல் இரு முறை வகுத்தால் ஏறக்குறைய 27.5 வரும். பெரியவர்களுக்கான எல்லையைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது, வயதுக்கு ஏற்ப அது மாறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 15 வயதுப் பையனுக்கு 22.7-க்கு மேல் மிகை எடை, 27.0-க்கு மேல் உடற்பருமன். அதே வயதுப் பெண் பிள்ளைக்கு அந்த எல்லைகள் 23.5, 28.2. 13 வயதில் பையனுக்கு 20.8, 24.8. பெண் பிள்ளைக்கு 21.8, 26.2. நம் எடுத்துக்காட்டுப் பையன் உடற்பருமன் எல்லையைத் தாண்டிவிட்டான்.

இதை அளக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை, ஆண்டுக்கு இரு முறை, பள்ளிகளில் செகாக் உடற்தகுதிச் சோதனை நடக்கிறது. அதில் உயரமும் எடையும் குறிக்கப்படுகின்றன. தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோர், உடற்கல்வி ஆசிரியரிடம் இந்த அளவையும் கேட்டு வாங்கலாம்.

கிளினிக்கில் என்ன கேட்பது?

கழுத்துக் கருமையோ, கயிற்றுச் சோதனையில் தவறியதோ, பெற்றோருக்கு நீரிழிவோ இருந்தால் பிள்ளையை ஒரு முறை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கான வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் சோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உணவியல் நிபுணரைப் பார்க்கவும் அவர் கடிதம் தர முடியும்.

அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு 10 முதல் 16 வயதினருக்கு வகுத்த எல்லைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் சர்க்கரை 5.6 அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு 1.7 அல்லது அதற்கு மேல், எச்டிஎல் 1.03-க்குக் கீழ், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். சர்க்கரை, கொழுப்பு எண்கள் நம் நாட்டு அறிக்கைகளில் வரும் மில்லிமோல் கணக்கு. வயிற்றுப் பருமனோடு இவற்றில் இரண்டு சேர்ந்தால் அது கூட்டுநோய். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0-ஐத் தொட்டால், மறுசோதனையில் உறுதி செய்து நீரிழிவு என்பார்கள்.

தாகம் தணியாமல் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, காரணமின்றி எடை குறைவது, துவண்டு போவது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரவில் பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் குடிப்பதைக் குறைப்போம்

பிள்ளையின் சாப்பாட்டில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், குடிப்பதை மாற்றுங்கள். டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 11 கிராம் சீனி இருக்கும். தே தாரிக்கில் இரண்டு கரண்டி விழுந்தால், உலகச் சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் ஒரு நாள் அளவான 25 கிராமை அந்த ஒரு குவளையே நெருங்கிவிடும்.

அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024-இல் அது 50 சென்னாக உயர்ந்தது. பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்தன. ஆனாலும் 5 கிராம் என்று எழுதியிருக்கும் பானத்தை 500 மில்லி போத்தலில் முழுதாகக் குடித்தால் 25 கிராம் உள்ளே போய்விடும். லேபிளில் '100 மில்லிக்கு' என்ற எண்ணைப் போத்தலின் அளவோடு பெருக்கிப் பார்க்கப் பிள்ளைக்கே கற்றுக்கொடுங்கள். மைலோ, பண்டோங், பெட்டிப் பானம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வீட்டிலும் பள்ளிப் பையிலும் வெறும் தண்ணீர் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை எளிது. இது நம் கைவைத்தியச் சுக்கு அல்ல, கால் பங்கு என்பதற்கான மலாய்ச் சொல். தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நாசி கண்டார் வாங்கினாலும் பாதிச் சோறு, பொரித்த கோழிக்குப் பதில் குழம்பு மீன், கூடுதலாக வெண்டைக்காயோ முட்டைக்கோஸோ, 'கறி பஞ்சிர்' வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம். சாம்பார், கீரைக் கூட்டு, அவித்த கடலை எல்லாம் நம்மிடமே இருப்பவை.

அடுத்து உடல் அசைவு. பதின்ம வயதினருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எனவே எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு. தோட்டத்துத் திடலில் காற்பந்து, பள்ளியில் சிலம்பம், கபடி, வார இறுதியில் தாவரவியல் பூங்காவில் நடை, தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் எதுவும் காசு கேட்பதில்லை. வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்திவிடும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அந்த வயதில்தான் அவர்களுக்கு விளையாட்டு அதிகம் தேவை.

தூக்கத்தையும் மறக்கக்கூடாது. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பலருக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால், உயரம் வளர வளரக் குறியீடு தானாக இறங்கும்.

இணையத்தில் விற்கும் 'ஸ்லிம்மிங்' காப்பி, மாத்திரைகளை வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. இதயத்தைக் காப்பாற்ற நினைத்து இதயத்தையே பணயம் வைப்பதாகிவிடும்.

'குண்டு', 'தடியா' என்று விருந்தினர் முன் கேலி செய்யாதீர்கள். கேலிக்கு ஆளான பிள்ளை திடலுக்குப் போவதை நிறுத்தும், மறைவில் சாப்பிடும். பிள்ளைக்குத் தனிச் சமையல், அப்பாவுக்குத் தனித் தே தாரிக் என்றாலும் பலிக்காது. வீடு முழுவதும் மாற வேண்டும். 40 வயதைத் தாண்டிய பி40 குடும்பப் பெற்றோருக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. பிள்ளையைக் கூட்டிப் போகும் முன் நீங்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் காலம் இருக்கிறது

பின்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 6,328 பேரைப் பிள்ளைப் பருவத்திலிருந்து சராசரி 23 ஆண்டுகள் தொடர்ந்த நான்கு ஆய்வுகளின் முடிவு 2011-இல் வெளிவந்தது. சிறு வயதில் எடை கூடியிருந்து, பெரியவர்களானபோதும் உடற்பருமனோடு இருந்தவர்களுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் கொழுப்புக் கோளாறும் அதிகம் வந்தன. ஆனால் சிறு வயதில் எடை கூடியிருந்தும், வளர்ந்தபின் உடற்பருமன் இல்லாதவர்களுக்கு இருந்த அபாயம், என்றுமே எடை கூடாதவர்களின் அபாயத்தை ஒத்திருந்தது. பிள்ளைப் பருவத்தில் ஏறிய எடை தலையெழுத்து அல்ல.

கழுத்துக் கருமையும் அப்படித்தான். வயிற்றுக் கொழுப்பு குறைந்து இன்சுலின் சீரானால் அது மெல்ல மங்கும், சில மாதங்கள் பிடிக்கும். கருமை இல்லாவிட்டாலும் கயிற்றுச் சோதனையில் தவறிய பிள்ளையைக் காட்ட வேண்டும். கருமை இருந்தாலும் பயந்துவிட வேண்டியதில்லை. இந்த வாரம் பிள்ளையைக் கூப்பிட்டுக் கழுத்தைப் பாருங்கள், கயிற்றால் அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்கு அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு முறை போய் வாருங்கள்.